ஒரு மானும் பத்து வருட வழக்கும்: மேட்டி மக்களின் வேட்டை உரிமை

1993ஆம் ஆண்டு அக்டோபர் 22. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சூ செயின்ட் மேரி என்ற ஊர். அந்த ஊர்க்காரரான ஸ்டீவ் பவுலியும் அவர் மகன் ராடியும் காலையில் துப்பாக்கியோடு ஊருக்கு வெளியே காட்டுப் பக்கம் போனார்கள். ஓர் ஆண் மூஸ் கிடைத்தது. மூஸ் என்பது மான் குடும்பத்திலேயே மிகப் பெரியது. நம்மூர்க் கடமானை விட ஏறக்குறைய இரு மடங்கு எடை இருக்கும். ஒன்று கிடைத்தால் ஒரு குடும்பத்தின் குளிர்காலக் கவலை தீர்ந்தது.

மூஸை வீட்டுக்குக் கொண்டு வந்த ஸ்டீவ், கையால் ஒரு சீட்டு எழுதி அதன் காதில் கட்டினார். சுட்ட தேதி, நேரம், இடம், குளிர்காலத்துக்கான இறைச்சி என்ற குறிப்பு, கீழே தன்னுடைய மேட்டி சங்க உறுப்பினர் எண். அதிகாரிகள் வந்து விசாரித்தபோது அப்பாவும் மகனும் எதையும் மறைக்கவில்லை. "ஆமாம், நாங்கள்தான் சுட்டோம்" என்றார்கள். ஒரு வாரம் கழித்து இருவர் மேலும் வழக்கு: உரிமம் இல்லாமல் மூஸ் வேட்டையாடியது ஒன்று, அப்படி வேட்டையாடிய இறைச்சியை வைத்திருந்தது இன்னொன்று.

திருட்டு வேட்டைக்காரன் சீட்டு எழுதிக் காதில் கட்டுவானா? மாட்டான். பவுலிகள் சொன்னது வேறு விஷயம். "இது எங்கள் உரிமை. எங்கள் பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து இங்கே இப்படித்தான் சாப்பிடுகிறோம்" என்பதுதான் அவர்கள் வாதம். அந்த வாதம் கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயிக்கப் பத்து வருடம் ஆனது.

ஜெயித்த பிறகாவது பேச்சு ஓய்ந்ததா என்றால், இல்லை. "கொஞ்சம் இந்திய ரத்தம் இருப்பதாகச் சொல்லிவிட்டால் போதும், எங்கே வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சுடலாம்" என்று இன்றும் கனடாவில் பலர் நம்புகிறார்கள். வேட்டைக்காரர்கள் கூடும் இடங்களில், ஊர்க் காபிக் கடைகளில், பத்திரிகைகளின் வாசகர் கடிதங்களில் எல்லாம் இந்தப் பேச்சு உண்டு. அது எந்த அளவு உண்மை, எந்த அளவு கட்டுக்கதை என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். ஏனென்றால் அந்தக் கட்டுக்கதைக்கு விலை கொடுப்பது பேசுகிறவர்கள் இல்லை.

யார் இந்த மேட்டி?

முதலில் பெயர். எழுதும்போது கடைசியில் ஓர் 'ஸ்' உண்டு; உச்சரிப்பில் கிடையாது. மணிப்பூரின் மெய்தேய் மக்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் வட அமெரிக்காவின் ஒரு பூர்வகுடி.

பதினெட்டாம் நூற்றாண்டில் மென்மயிர்த் தோல் வியாபாரத்துக்காக பிரெஞ்சுக்காரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் கனடாவின் உள்நாட்டுக்குள் போனார்கள். அங்கே கிரீ, ஒஜிப்வே போன்ற முதற்குடிப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்களுக்குள்ளேயே மணம் செய்து, பெரிய ஏரிகளின் கரையிலும் சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கிலும் மேற்குச் சமவெளிகளிலும் தனிச் சமூகங்களாக ஆனார்கள். அவர்களுக்கென்று மிச்சிஃப் என்ற மொழி உண்டு. அதில் வினைச்சொற்கள் பெரும்பாலும் கிரீ மொழியிலிருந்தும் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்தும் வந்தவை. உலகத்தில் இப்படி ஒரு கலவை வேறெங்கும் கிடைப்பது அபூர்வம். தனி இசை, தனி உடை, தனிக் கொடி எல்லாம் இருந்தன.

எல்லாவற்றுக்கும் நடுவில் வேட்டை இருந்தது. 1840இல் சிவப்பாற்றுக் குடியிருப்பிலிருந்து கிளம்பிய காட்டெருமை வேட்டையை அலெக்சாண்டர் ராஸ் என்பவர் கூடவே போய்ப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 1,210 மாட்டு வண்டி, குதிரை வண்டிகள். ஆண், பெண், குழந்தைகள் சேர்த்து 1,630 பேர். ஊரே நகர்ந்தது மாதிரி! இத்தனை பேர் போகும்போது கட்டுப்பாடு இல்லாமல் முடியுமா? தலைவர், படைத்தலைவர்கள் எல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சட்டமும் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேட்டை கிடையாது. பொது உத்தரவு வருவதற்கு முன்னால் யாரும் மந்தையை விரட்டக் கூடாது. மீறினால் முதல் தடவை சேணமும் கடிவாளமும் துண்டு துண்டாக வெட்டப்படும். இரண்டாம் தடவை மேல்சட்டை வெட்டப்படும். மூன்றாம் தடவை சவுக்கடி.

கிடைத்த இறைச்சியைக் காயவைத்து இடித்து, உருக்கிய கொழுப்பும் காட்டுப் பழங்களும் சேர்த்து 'பெமிக்கன்' செய்வார்கள். வருடக்கணக்கில் கெடாது. மென்மயிர் வியாபாரக் கம்பெனிகளின் படகோட்டிகள் அதைத் தின்றுதான் துடுப்புப் போட்டார்கள். மேட்டி வேட்டைக்காரன் இல்லாவிட்டால் கனடாவின் அந்தக் காலப் பொருளாதாரமே படுத்திருக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. "மேட்டிக்கு ஏது பாரம்பரியம், அவர்கள் வெறும் கலப்பினம்தானே" என்கிற பேச்சில்தான் மற்ற எல்லாத் தப்பெண்ணங்களும் தொடங்குகின்றன.

உரிமை எங்கிருந்து வந்தது?

1982இல் கனடா தன் அரசியல் சட்டத்தைப் புதுப்பித்தது. அதன் 35ஆவது பிரிவு, பூர்வகுடி மக்களுக்கு ஏற்கனவே இருக்கிற உரிமைகளை ஏற்று உறுதி செய்கிறது. பூர்வகுடி என்றால் யார் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது: இந்தியர், இன்யூட், மேட்டி. ('இந்தியர்' என்பது முதற்குடி மக்களுக்குப் பழைய சட்டங்களில் உள்ள பெயர்.) ஆக, அரசியல் சட்டமே மேட்டி மக்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அவர்களுக்கு என்ன உரிமை, எங்கே, யாருக்கு என்று எதுவும் சொல்லவில்லை. பதினொரு வருடம் கழித்து பவுலிகள் மூஸைச் சுட்டபோதும் அதற்கு விடை கிடையாது.

சட்டத்தில் ஒரு சிக்கலும் இருந்தது. 1996இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது. வெள்ளையர் வருவதற்கு முன்பிருந்தே ஒரு வழக்கம் அந்தச் சமூகத்தின் அடிப்படையாக இருந்திருந்தால்தான் அது பூர்வகுடி உரிமை என்பது அது. மேட்டி சமூகமோ வெள்ளையர் வந்த பிறகு உருவானது. அப்படியானால் அவர்களுக்கு உரிமையே கிடையாதா? கிடையாது என்றால் அரசியல் சட்டத்தில் அந்தப் பெயரை எழுதியதற்கே அர்த்தமில்லையே!

1998இல் விசாரணை நீதிமன்றம் பவுலிகளை விடுவித்தது. அரசு மேல்முறையீடு செய்தது, 2000இல் தோற்றது. மறுபடி மேலே போனது, 2001இலும் தோற்றது. கடைசியில் 2003 செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மேட்டி விஷயத்தில் பார்க்க வேண்டிய காலம் வெள்ளையர் வந்த காலம் இல்லை, அந்தப் பகுதி முழுசாக அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்த காலம் என்றார்கள். சூ செயின்ட் மேரியில் அது 1850ஐ ஒட்டிய காலம். அதற்கு முன்பே அங்கே ஒரு மேட்டி சமூகம் இருந்தது, உணவுக்கு வேட்டையாடியது, இன்றும் இருக்கிறது. ஆகவே உரிமை உண்டு.

அந்த 1850க்கு இன்னொரு கதையும் உண்டு. அந்த வருடம் அரசின் சார்பில் வில்லியம் ராபின்சன் என்பவர் அங்கே முதற்குடித் தலைவர்களோடு ஒப்பந்தம் போட்டார். மேட்டி மக்களையும் சேர்க்கச் சொல்லி அந்தத் தலைவர்களே கேட்டார்கள். தலைவர்களோடு பேசத்தான் வந்தேன், மேட்டிகளுக்கு நிலம் தர எனக்கு அதிகாரம் இல்லை என்கிற ரீதியில் ராபின்சன் கைவிரித்துவிட்டார். அன்றைக்கு "நீங்கள் இந்தியர் இல்லை" என்று ஒப்பந்தத்திலிருந்து ஒதுக்கினார்கள். நூற்று நாற்பத்து மூன்று வருடம் கழித்து "உங்களுக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லையே" என்று வழக்குப் போட்டார்கள். அடிக்கவும் செய்து, அழுவதற்கும் தடை போட்ட கதை.

இனி அந்தத் தப்பெண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தப்பெண்ணம் 1: கலப்பு ரத்தம் இருந்தால் மேட்டிதான்

இல்லை. 2003 தீர்ப்பே இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஐரோப்பிய, பூர்வகுடி வம்சம் இரண்டும் கலந்தவர் எல்லோரும் 35ஆவது பிரிவின்படி மேட்டி ஆகிவிட மாட்டார்கள். தனக்கென்று வழக்கமும் வாழ்க்கை முறையும் கொண்ட ஒரு சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். நீதிமன்றம் மூன்று விஷயங்களைக் கேட்டது. தன்னை மேட்டி என்று அடையாளப்படுத்திக்கொள்கிறாரா? வரலாற்று மேட்டி சமூகத்தோடு வம்சாவளித் தொடர்பு உண்டா? இன்றைய சமூகம் அவரைத் தன்னில் ஒருவராக ஏற்றுக்கொள்கிறதா?

மூன்றும் வேண்டும். எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பி வாங்கும் டி.என்.ஏ. ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு காட்டுக்குள் போனால் வழக்குத்தான் மிச்சம். வேட்டை அட்டை வாங்க சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு, பழைய மக்கள்தொகைக் கணக்கு என்று தலைமுறை தலைமுறையாகக் காகிதம் தேட வேண்டும்.

2016இல் வந்த டேனியல்ஸ் தீர்ப்பையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மேட்டி மக்கள் தொடர்பாகச் சட்டம் இயற்றும் பொறுப்பு மத்திய அரசுடையதா, மாகாணத்துடையதா என்பதுதான் அங்கே கேள்வி. மத்திய அரசுடையது என்று பதில் வந்தது. அதில் யாருக்கும் புதிதாக வேட்டை உரிமை கொடுக்கப்படவில்லை.

தப்பெண்ணம் 2: எங்கேயும் எப்போதும் சுடலாம்

இதுவும் இல்லை. உரிமை என்பது ஒரு குறிப்பிட்ட சமூகத்துக்கு, அதன் பரம்பரை வேட்டைப் பகுதிக்குள்தான். பவுலி தீர்ப்பு சூ செயின்ட் மேரி வட்டாரத்தைப் பற்றியது. அதைக் காட்டி நாட்டின் மறுகோடியில் வேட்டையாட முடியாது.

தோற்ற வழக்குகளே இதற்குச் சாட்சி. அதே 2003 செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் பிளே என்ற மனிடோபாக்காரரின் வழக்கிலும் தீர்ப்புச் சொன்னது. அவர் நம்பியது 35ஆவது பிரிவை இல்லை. 1930இல் போடப்பட்ட வேறொரு ஒப்பந்தத்தில் 'இந்தியர்'களுக்கு இருந்த உரிமையை. அந்தச் சொல்லில் மேட்டி அடங்காது என்று நீதிமன்றம் அவரைக் கைவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வில்லிசன் வழக்கு 2006இல் தோற்றது. ஆல்பர்ட்டாவின் தெற்கே சைப்ரஸ் மலைப் பகுதியில் மான் சுட்ட ஹெர்சகார்ன் என்பவர் 2013இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார்.

விற்பனை? அதுவும் கிடையாது. பவுலி தீர்ப்பு தருவது உணவுக்கான வேட்டை. இறைச்சியை விற்றுக் காசு பார்க்க இது வழி இல்லை. தனியார் நிலத்துக்குள் இஷ்டப்படி நுழையவும் முடியாது. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் மேட்டி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

தப்பெண்ணம் 3: இவர்களால் மிருகங்கள் அழிந்துவிடும்

1990இல் ஸ்பாரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரிசை போட்டது. முதலில் இயற்கைப் பாதுகாப்பு. அடுத்து பூர்வகுடி மக்களின் உணவு. அதற்குப் பிறகுதான் வியாபாரமும் பொழுதுபோக்கும். ஆக, பாதுகாப்புக்கு மேலே யாருடைய உரிமையும் இல்லை. மனிடோபாவின் மேற்கே டக் மவுண்டன் போன்ற பகுதிகளில் மூஸ் எண்ணிக்கை குறைந்தபோது, 2011இல் மூஸ் வேட்டை எல்லோருக்குமே நிறுத்தப்பட்டது. உரிமம் வாங்கியவர், பூர்வகுடி என்ற வித்தியாசம் இல்லை.

பவுலி வழக்கிலும் மூஸைக் காப்பாற்றத்தான் தடை என்று ஒன்டாரியோ அரசு வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த வட்டாரத்து மூஸுக்கு அப்படி ஓர் ஆபத்து இருப்பதாக ஆதாரம் காட்டப்படவில்லை. அப்படியே இருந்தாலும், இருப்பதைப் பங்கிடும்போது உணவுக்கு வேட்டையாடும் மேட்டிக்கு முன்னுரிமை உண்டு என்றது.

எண்ணிக்கையையும் பார்க்கலாம். தீர்ப்புக்குப் பிறகு 2004இல் ஒன்டாரியோ அரசும் அந்த மாகாண மேட்டி அமைப்பும் செய்துகொண்ட இடைக்கால ஒப்பந்தத்தில் வேட்டை அட்டைகளுக்கு வைத்த உச்சவரம்பு 1,250. மாகாணம் முழுவதற்கும் அவ்வளவுதான். அதே மாகாணத்தில் ஆண்டுதோறும் மூஸ் வேட்டைக்கு உரிமம் வாங்கியவர்கள் பல பத்தாயிரம் பேர். காடு காலியானால் பழி யார் மேல் விழ வேண்டும்?

"காட்டெருமையை அழித்தது மேட்டிதானே" என்று வரலாற்றை இழுப்பவர்களும் உண்டு. தோல் வியாபாரத்தில் மேட்டி வேட்டைக்காரர்களுக்கும் பங்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1870களிலும் 80களிலும் மந்தைகளை அடியோடு முடித்தது தொழிற்சாலைகளுக்குத் தோல் தேடிய சந்தையும், அதைச் சுமந்த ரயிலும், சமவெளி எங்கும் குவிந்த தொழில்முறைத் தோல் வேட்டைக்காரர்களும். எருமை போனதும் முதலில் பட்டினி கிடந்தது முதற்குடி மக்களும் மேட்டி மக்களும்தான்.

தப்பெண்ணம் 4: இது இனச் சலுகை, எல்லோருக்கும் ஒரே சட்டம் வேண்டும்

கேட்பதற்கு நியாயமாக இருக்கும் வாதம் இது. 2017 ஜனவரியில் மனிடோபாவின் அப்போதைய முதல்வர் பிரையன் பாலிஸ்டர், பூர்வகுடி மக்களின் இரவு வேட்டையைப் பற்றிய பேச்சில் 'இனப் போர்' என்ற சொல்லையே பயன்படுத்தி, அது பெரிய சர்ச்சையானது. இரவில் சுடுவது ஆபத்து என்பது வேறு விஷயம். அதைக் கட்டுப்படுத்த மறு வருடமே அங்கே சட்டம் நிறைவேறியது. ஆனால் பாதுகாப்புப் பிரச்சினை ஒன்று எப்படி ஒரே மூச்சில் இனப் பிரச்சினை ஆகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

சலுகை என்பது இருப்பவன் இல்லாதவனுக்குப் பார்த்துக் கொடுப்பது. உரிமை அப்படி இல்லை. அது ஏற்கனவே இருந்தது; இடையில் பறிபோனது. 1870இல் மனிடோபா மாகாணம் உருவானபோது மேட்டி குழந்தைகளுக்கு 14 லட்சம் ஏக்கர் நிலம் தருவதாகச் சட்டத்திலேயே எழுதினார்கள். வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். இதற்குள் வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்தார்கள். 'ஸ்கிரிப்' என்ற பெயரில் நிலத்துக்குப் பதில் கொடுத்த சீட்டுகளைத் தரகர்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போனார்கள். அரசு தன் வாக்கை நேர்மையோடும் கவனத்தோடும் நிறைவேற்றவில்லை என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

1885இல் மேற்கே மேட்டி மக்கள் எதிர்த்து எழுந்தார்கள். பாட்டோஷ் என்ற ஊரில் பீரங்கியோடு வந்து அடக்கினார்கள். தலைவர் லூயி ரியலை அந்த வருடம் நவம்பர் 16 அன்று தூக்கில் போட்டார்கள். நிலம் போன குடும்பங்கள் சாலைக்காக ஒதுக்கிய புறம்போக்கில் குடிசை போட்டு வாழ்ந்தன. 'சாலையோர மக்கள்' என்றே அவர்களுக்குப் பெயர் வந்துவிட்டது. சொந்த நிலம் இல்லாத அந்தக் குடும்பங்களின் அடுப்பு எரிந்தது முயலாலும் மானாலும் மீனாலும்தான். அதற்கும் கேஸ் போட்டார்கள். இவ்வளவும் நடந்த பிறகு "எல்லோருக்கும் ஒரே சட்டம்" என்று சொல்வது, பந்தியில் ஒருவன் இலையைப் பிடுங்கிவிட்டு எல்லோருக்கும் சமமாகப் பரிமாறுவோம் என்பது போல.

தப்பெண்ணம் 5: கடையில்தான் இறைச்சி கிடைக்கிறதே

பக்கத்தில் சூப்பர் மார்க்கெட், கையில் நவீன துப்பாக்கி, போய்வர டிரக். இதில் பாரம்பரியம் எங்கே என்று கேட்கிறார்கள். உரிமம் வாங்கி வேட்டைக்குப் போகிறவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பூர்வகுடி உரிமையைப் பழைய காலத்திலேயே உறைய வைக்க முடியாது என்று ஸ்பாரோ தீர்ப்பு சொல்லிவிட்டது. அம்பு வில்லோடு போனால்தான் உரிமை என்று ஒன்று கிடையாது.

வடக்கே போகப் போகக் கடை விலையும் ஏறும். அதை விட முக்கியம், வீட்டுக்கு வந்த மூஸ் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. வேட்டைக்குப் போக முடியாத வயதானவர்களுக்கும் உறவுக்காரர்களுக்கும் பங்கு போகும். அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு போகும்போது தடம் பார்ப்பது, காற்றின் திசை பார்ப்பது, தோலை உரித்து வீணாக்காமல் பங்கு போடுவது எல்லாம் கைமாறும். கடையில் வாங்கும் பொட்டலத்தில் இது எதுவும் வராது.

உண்மையான சிக்கல் ஒன்றும் உண்டு

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2006 கணக்கெடுப்பில் தங்களை மேட்டி என்று சொன்னவர்கள் 3,89,780 பேர். 2021இல் 6,24,220 பேர். குழந்தை பிறப்பால் மட்டும் பதினைந்து வருடத்தில் இப்படி ஏறாது. எங்கேயோ ஒரு பூர்வகுடிப் பாட்டி இருந்ததாகப் புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் இதில் நிறைய. கிழக்கு மாகாணங்களில் அப்படிப் பலர் வேட்டை உரிமை கேட்டு நீதிமன்றம் போய்த் தோற்றிருக்கிறார்கள்.

மேட்டி அமைப்புகளுக்குள்ளேயே சண்டை உண்டு. 2017இல் ஒன்டாரியோ அரசும் அந்த மாகாண மேட்டி அமைப்பும் சேர்ந்து மேலும் ஆறு வரலாற்றுச் சமூகங்களை அடையாளம் கண்டதாக அறிவித்தன. முதற்குடித் தலைவர்கள் பலர் எதிர்த்தார்கள். மனிடோபா மேட்டி கூட்டமைப்பும் ஒத்துக்கொள்ளவில்லை. 2021இல் தேசிய அமைப்பை விட்டே வெளியேறியது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். "யார் மேட்டி" என்ற கேள்வியை எல்லோரை விடவும் உரக்கக் கேட்பது மேட்டி மக்களும் முதற்குடி மக்களும்தான். போலிகள் நுழைந்தால் முதலில் பாதிக்கப்படுவது அவர்கள். போலி இருக்கிறது என்பதற்காக அசலை மறுப்பது எந்த ஊர் நியாயம்?

விலை கொடுப்பது யார்?

இந்தத் தப்பெண்ணங்கள் வெறும் பேச்சாக நின்றிருந்தால் பரவாயில்லை. வாக்காளர்கள் நம்புவதை அரசுகளும் நம்புகின்றன, அல்லது நம்புவது போல நடக்கின்றன. ஆல்பர்ட்டா அரசு 2004இல் மேட்டி அமைப்புகளோடு வேட்டை ஒப்பந்தம் போட்டது. மற்ற வேட்டைக்காரர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. 2007இல் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. போன வருடம் அட்டையோடு சட்டப்படி வேட்டையாடியவர், இந்த வருடம் அதே காட்டில் அதே வேலையைச் செய்ததற்காகக் குற்றவாளி. அங்கே மத்திய, வடக்குப் பகுதிகளுக்குப் புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வர 2019 ஆனது.

மனிடோபாவில் 2004இல் வில் குடன் என்பவர் டர்டில் மவுண்டன் பகுதியில் ஒரு வாத்தைச் சுட்டார். ஒரே ஒரு வாத்து. மேட்டி கூட்டமைப்பு கொடுத்த அட்டை கையில் இருந்தது. அரசு கொடுத்த உரிமம் இல்லை. வழக்கு நடந்து அவர் விடுதலையாக 2009 ஆகிவிட்டது. அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் 2012இல் மனிடோபா அரசு மேட்டி மக்களோடு வேட்டை ஒப்பந்தம் போட்டது.

இதுதான் மேட்டி வேட்டை உரிமையின் விசித்திரம். அரசியல் சட்டத்தில் இருக்கிற உரிமை. ஆனால் அது தன் ஊருக்கும் உண்டு என்று நிரூபிக்க ஒருவர் முதலில் குற்றம் சாட்டப்பட வேண்டும். கூண்டில் ஏற வேண்டும். இருநூறு வருட வம்சாவளியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். வரலாற்று நிபுணர்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும். ஒரு மாகாணத்தில் ஜெயித்தாலும் அடுத்த மாகாணத்தில் மறுபடி முதலிலிருந்து. வேறு எந்தக் கனடாக்காரராவது தன் அரசியல் சட்ட உரிமையை இப்படிக் கைதாகிக் கைதாகித்தான் வாங்க வேண்டியிருக்கிறதா?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மனிடோபா செய்தது போல, மேட்டி அமைப்புகளோடு உட்கார்ந்து பேசி, எந்தப் பகுதி, எந்த மிருகம், எத்தனை, யார் அட்டை கொடுப்பது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். வேட்டைக்குச் சட்டம் போடுவது மேட்டி மக்களுக்குப் புதிதில்லை; 1840இலேயே போட்டவர்கள். நீதிமன்றத்துக்குச் செலவழிக்கிற பணத்தில் மூஸ் கணக்கெடுப்பாவது ஒழுங்காக நடத்தலாம்.

கனடாவில் லட்சக்கணக்கில் தமிழர்களும் இருக்கிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள். பெரும்பாலோர் இருப்பது பவுலிகள் வாழ்ந்த அதே ஒன்டாரியோவில். "இவர்களுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்" என்று வேலையிடத்தில் யாராவது சொன்னால், தலையாட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம். சொந்த ஊரில் நிலத்தையும் உரிமையையும் இழப்பது என்றால் என்ன என்று தெரிந்த பலர் அவர்களில் உண்டு.

ஸ்டீவ் பவுலி 2004இல், தீர்ப்பு வந்த மறு வருடமே, காலமானார். ஜெயித்த உரிமையை அனுபவிக்க அவருக்குக் கிடைத்த காலம் ரொம்பக் குறைவு. வழக்கு நடந்த பத்து வருடத்திலும் அவர் கேட்டது ஒன்றுதான்: மூஸின் காதில் கட்டிய அந்தச் சீட்டில் எழுதியிருந்ததை, எழுதியபடியே படியுங்கள் என்பது. குளிர்காலத்துக்கு இறைச்சி. அவ்வளவுதான்.